பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

முட்டை வடிவப் பந்து. முட்டை வடிவ மைதானம். ஒரு பக்கத்துக்கு 18 பேர், ஆக மொத்தம் 36 பேர். ஹெல்மெட் கிடையாது, தோளுக்குக் கவசம் கிடையாது. கையில்லாத பனியன், தொடை தெரியும் அரை டிராயர், அவ்வளவுதான். பந்தை உதைக்கலாம். பிடிக்கலாம். பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தரம் தரையில் தட்டியாக வேண்டும். (முட்டைப் பந்து! ஓடுகிற ஓட்டத்தில் தட்டி, அது ஒழுங்காகக் கைக்குத் திரும்பி வர வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டில் ஒரு தேங்காயை வைத்து முயன்று பார்க்கலாம்.) பந்தைக் கையால் வீசக் கூடாது, ஒரு கையில் ஏந்தி, மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். மைதானத்தின் இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் ஊடே உதைத்தால் 6 புள்ளி. குறி தவறிப் பக்கத்துச் சந்தில் போனால், 'பாவம், முயற்சி பண்ணினானே' என்று 1 புள்ளி. விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடும் கணக்கு வாத்தியார் எனக்கு இந்த ஆட்டத்தில்தான் மறுபடி கிடைத்தார்.

பெயர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். செல்லமாக 'ஃபுட்டி'. ரூல்ஸ் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். முதல் மேட்ச் பார்க்கிறவன் மூன்று மணி நேரம் தேடியும் கண்டுபிடிக்க முடியாதது அதைத்தான்.

மெல்போர்னுக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பேந்தப் பேந்த விழித்தேன். திங்கட்கிழமை காலை ஆபீசில் ஃபுட்டி தெரியாமல் உட்கார்ந்திருப்பது, கல்யாண வீட்டில் ஜாதகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒருவரும் நம்மைச் சீண்ட மாட்டார்கள். கடைசியில் எனக்குப் பாடம் எடுத்தவர், எங்கள் கட்டிடத்தில் இரவு காவல் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். எண்பதுகளின் கடைசியில் வந்தவர்.

"தம்பி, உவங்கள் ஆடுற நாளில பாக்கிறது பெரிய விஷயமில்லை. ஆடாத நாளில வந்து பாரும். அப்பதான் விளங்கும்" என்றார்.

அவர் சொன்ன 'ஆடாத நாள்' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஃபுட்டி சீசன் மார்ச்சில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை கிராண்ட் ஃபைனலோடு முடியும். எம்.சி.ஜி. மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். 1970-ல் 1,21,696 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்ததுதான் இன்றுவரை ரெக்கார்டு. ஜெயித்தவர்கள் ஒரு வாரம் ஊரையே கலக்குவார்கள், தோற்றவர்கள் மொட்டை அடித்துக்கொள்வது முதல் பல காரியங்கள் செய்வார்கள். அக்டோபரில் லீவு. நவம்பர் பிறந்தால்... பிடித்தது சனி! 'ப்ரீ-சீசன்' என்று அதற்குப் பெயர். ஆட்டத்துக்கு முந்தைய நாலு மாசத் தவம்.

தவம் என்று சும்மா சொல்லவில்லை. நடுக்களத்தில் ஆடுகிறவன் ஒரு மேட்ச்சில் 13, 14 கிலோ மீட்டர் ஓடுகிறான். நேராக ஓடினால் பரவாயில்லை. நின்று, திரும்பி, பாய்ந்து, எவன் மேலாவது மோதி, விழுந்து, எழுந்து ஓடுகிறான். இந்த ஓட்டத்துக்கான பெட்ரோலை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் உடம்பில் நிரப்பியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த மாசங்கள்தான் கொதிக்கிற கோடை. மெல்போர்னில் ஜனவரியில் 40 டிகிரி சகஜம். 2009 பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரி அடித்தது. நம் வேலூர்க்காரர்களே கையெடுத்துக் கும்பிடுகிற வெயில்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டமே பிறந்தது ஃபிட்னஸுக்காகத்தான். 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்டர், 'குளிர் காலத்தில் நம் கிரிக்கெட் பசங்கள் சும்மா இருந்து உடம்பு ஊறிப்போகிறார்கள், ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பித்தால் என்ன?' என்கிற அர்த்தத்தில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். மறு வருஷம் மே மாசம் வில்ஸும் இன்னும் மூன்று பேரும் மெல்போர்னில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பத்தே பத்து விதிகள் எழுதினார்கள். கிரிக்கெட்காரன் தொப்பை போடாமலிருக்கக் கண்டுபிடித்த ஆட்டம், இன்று கிரிக்கெட்டையே மைதானத்தை விட்டு ஒதுங்கச் சொல்கிறது.

எண்பதுகள் வரை ஆட்டக்காரர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். பிளம்பர், போலீஸ்காரர், ஸ்கூல் வாத்தியார். ஐந்து மணிக்கு வேலை முடிந்து, வாரத்தில் இரண்டு மூன்று மாலை பயிற்சி, சனிக்கிழமை மேட்ச், திங்கட்கிழமை வீங்கின மூக்கோடு ஆபீஸ். 1990-ல் விக்டோரிய லீகின் பெயர் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் - ஏ.எஃப்.எல். - என்று மாறியது. பணமும் டி.வி.யும் வந்தன. ஆட்டமே முழு நேர உத்தியோகம் ஆயிற்று. நம்மைப் போல மாசச் சம்பளம், கான்ட்ராக்ட், மேலதிகாரி. நம்மைப் போல அப்ரெய்சல்.

அப்ரெய்சலின் பெயர் 'டைம் ட்ரையல்'. 2 கிலோ மீட்டர் ஓட்டம். ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவர் நிற்பார். 6 நிமிஷத்துக்குள் ஓடினால் மறுநாள் பேப்பரில் பெயர் வரும். ஆறரைக்கு மேல் போனால் பெயர் வராது, பயிற்சியாளர் கூப்பிடுவார். ஆறு நிமிஷத்தில் இரண்டு கிலோ மீட்டர் என்றால் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகம். நல்ல சைக்கிள் வேகம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பார்த்தேன். நேரம் என்ன என்று கேட்காதீர்கள். நாய் நடத்திக்கொண்டு போன ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போகும்போது 'ஆர் யூ ஆல் ரைட், டியர்?' என்று விசாரித்தார் என்பது மட்டும் தகவலுக்காக.

இது தவிர, முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தீப்பெட்டி சைஸில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. எத்தனை மீட்டர் ஓடினான், எத்தனை தரம் பாய்ந்தான், எங்கே ஒளிந்து மூச்சு வாங்கினான், எல்லாம் சாயந்தரம் கம்ப்யூட்டரில் வந்துவிடும். நமக்கு டீ குடிக்கப் போகிற பத்து நிமிஷமாவது சொந்தம்.

இதில் வயிற்றில் புளி கரைவது பதினெட்டு வயசுப் பையன்களுக்கு. வருஷா வருஷம் நவம்பரில் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடக்கும். கிளப்புகள் வரிசையாகப் பையன்களின் பெயரைக் கூப்பிடும். பெர்த்தில் பிறந்து வளர்ந்தவனை மெல்போர்ன் கிளப் கூப்பிட்டால், அடுத்த வாரம் பெட்டி கட்டிக்கொண்டு 2,700 கிலோ மீட்டர் தாண்டி வந்து நிற்க வேண்டும். கிளப்பின் பட்டியலில் 40 பேருக்கு மேல். களத்தில் இறங்குவது 18 பேர், பெஞ்சில் கொஞ்சம் பேர். மீதிப் பேர்? இரண்டாம் தர லீகில் ஆடிக்கொண்டு, மேலே யாருக்காவது முழங்கால் போகாதா என்று - மனசுக்குள் மட்டும் - காத்திருக்க வேண்டும். கான்ட்ராக்ட் சில வருஷம்தான். முதல் வருஷம் உடம்பைத் தேற்றவே சரியாகப் போய்விடும். ஆகவே சீனியர்கள் லீவில் இருக்கும்போதே இந்தப் பொடியன்கள் பயிற்சிக்கு வந்துவிட வேண்டும். வேலி ஓரம் நின்று ஒரு டிசம்பர் காலை பார்த்தேன். கடைசி ரவுண்டு முடிந்ததும் ஒரு பையன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசையில் போய் நின்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அது தும்மல் மாதிரி.

எல்லாரும் இப்படி உழைத்தால் ஒருவனை விட ஒருவன் எப்படி முந்துவது? இந்தக் கவலையில்தான் கிளப்புகள் வெளிநாட்டுக்குக் கிளம்பின.

முதலில் பெரிதாகக் கிளம்பியது காலிங்வுட். 2005-லிருந்து அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃப்ளாக்ஸ்டாஃப். கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருக்கிற ஊர். நம் ஊட்டியை விடக் கொஞ்சம் குறைவு. பக்கத்திலேயே 3,850 மீட்டர் ஹம்ஃப்ரீஸ் சிகரம். டிசம்பரில் பனி. நாற்பது டிகிரியில் வேக வேண்டியவர்கள் அங்கே போய் மூச்சிரைத்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைச்சல். சிறுநீரகம் கவலைப்பட்டு ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குத் தாக்கீது அனுப்பும்: 'சிவப்பணு போதவில்லை, உற்பத்தியைக் கூட்டு.' மூன்று நான்கு வாரம் இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும். கீழே இறங்கி வந்து ஓடினால் மூச்சு தாங்கும். போர்ட் அடிலெய்ட் வேறு வழி யோசித்தது. துபாய்! வெயிலில் பயிற்சி எடுத்தால் ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் திரவப் பகுதி, பிளாஸ்மா, பெருகும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகப் பம்ப் பண்ணும். நார்த் மெல்போர்ன் யூட்டா மலைகளுக்குப் போயிற்று. ஒரு வீட்டில் கலர் டி.வி. வாங்கினால் தெருவே வாங்குமே, அந்தக் கதை.

2010-ல் காலிங்வுட்டுக்கு யோகம் அடித்தது. செயின்ட் கில்டாவோடு கிராண்ட் ஃபைனல் 68-68 என்று டிரா. அப்போதெல்லாம் கூடுதல் நேரம் கிடையாது, அடுத்த சனிக்கிழமை முழு மேட்ச்சையும் மறுபடி ஆட வேண்டும். ஒரு சீசன் முழுக்க அடிபட்ட உடம்பு, ஏழே நாளில் இன்னொரு கிராண்ட் ஃபைனல். காலிங்வுட் 56 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. 'எல்லாம் அரிசோனா மலைக் காற்று' என்றார்கள் ஜனங்கள்.

எனக்கு இதில் ஒரு சின்ன சந்தேகம். மலையில் கூடிய சிவப்பணு, இறங்கி வந்த சில வாரங்களிலேயே பழைய கணக்குக்குத் திரும்பிவிடும் என்பது அதே விஞ்ஞானம் சொல்கிற சங்கதி. டிசம்பரில் ஏறிய அணு அடுத்த அக்டோபரில் வந்து கோல் போடாது. பின்னே எதற்கு இத்தனை டாலர்? இடைத்தரகன் மாதிரி ஒரு பதில் உண்டு: கூடின தெம்பில் ஜனவரியில் கூடுதலாகப் பயிற்சி எடுக்கலாம், வீடு, வாசல், கேர்ள் ஃப்ரெண்ட் தொந்தரவில்லாமல் நாற்பது பேர் ஒன்றாக இருக்கலாம். இரண்டாவதைத்தான் நான் நம்புகிறேன். பனியில் ஒருவன் மூட்டையை இன்னொருவன் சுமந்தால் அது சிவப்பணுவை விட நாள்பட நிற்கும்.

'ஒன்றாக இருப்பது' என்பதையும் ஓவராகப் போட்டுப் பிசைந்தவர்கள் உண்டு. 2017 கிராண்ட் ஃபைனலில் தோற்ற அடிலெய்ட் க்ரோஸ், 2018 ஜனவரியில் வீரர்களை 'மன உறுதி' கேம்ப் என்று கோல்ட் கோஸ்ட்டுக்குக் கூட்டிப்போனது. அணியின் செல்லப்பிள்ளை எடி பெட்ஸ், பழங்குடி வம்சத்தவர், 2022-ல் எழுதிய சுயசரிதையில் அந்த நாட்களைச் சொன்னார். ஆலோசகரிடம் நம்பிக்கையாகச் சொன்ன சொந்த விஷயங்களை எடுத்து, பிறகு தன்னையே நோகடிக்கப் பயன்படுத்தினார்கள் என்று எழுதினார். முந்தைய விசாரணைகள் விதிமீறல் இல்லை என்று சொல்லியிருந்தன. புத்தகம் வந்த பின் கிளப்பும் லீகும் மன்னிப்புக் கேட்டன. மலையேற வைத்தால் மூச்சுத்தான் வாங்கும். மனசைத் தோண்டினால் என்ன வரும் என்று எந்த ஜி.பி.எஸ்.ஸும் காட்டாது.

ஃபாரின் கேம்ப்புக்கு முடிவு கட்டியது விஞ்ஞானமும் இல்லை, மனசாட்சியும் இல்லை. பட்ஜெட்! பணக்கார கிளப்புகள் மட்டும் பறந்துகொண்டிருந்தால் மற்றவை என்ன ஆவது என்று, 2015-ல் பயிற்சிச் செலவுகளுக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்தது. 2020-ல் கொரோனா வந்த பிறகு அதையும் வெட்டியது. நம் ஆபீசிலும் முதலில் கை வைப்பது டூர் பில்லில்தானே!

* * *

இனி இந்த உத்தியோகத்தின் இன்னொரு பாதி. கான்ட்ராக்ட்டில் ஓட்டம் மட்டும் இல்லை, ஊர் சேவையும் உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆஸ்பத்திரிக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பிரதேசத்தை ஒதுக்கி அனுப்பும் 'கம்யூனிட்டி கேம்ப்' பழக்கம் பல வருஷம் நடந்தது. டி.வி.யில் பார்க்கிற ஆறடி நாலு அங்குல ஹீரோ, மழை பொய்த்த ஏதோ ஒரு கோதுமை ஊரில், அறுபதே பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்தில் குனிந்து நின்று பந்து பிடிக்கச் சொல்லித் தருவார். பாதிப் பேர் கடனே என்றுதான் வருவார்கள் என நினைக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஓடிவிட்டு, பத்து மணிக்கு நூறு ஆட்டோகிராஃப் போடச் சொன்னால் எனக்கும் கடனே என்றுதான் இருக்கும். ஆனால் குனிகிறார்கள்.

அந்தக் குனிவு என்ன செய்யும் என்பதற்கு, மேலே சொன்ன அண்ணையின் வீட்டுக் கதையே சாட்சி.

"என்ர பெடியன் பள்ளிக்கூடத்தில ஒரு சிநேகிதமும் இல்லாமல் இருந்தவன் தம்பி. இங்கிலீஷ் கதைக்கப் பயம். இடைவேளைக்குத் தனியப் போய் லைப்ரரியில இருப்பான். ஒரு நாள் ஃபுட்டிக்காரர் ரெண்டு பேர் வந்தவையாம். ஒருத்தன் இவன்ர கையில பந்தைக் குடுத்து, தன்ர நெஞ்சில தட்டி, 'இதுக்கு அடி' எண்டு காட்டினவனாம். இவன் அடிச்சது பக்கத்து வகுப்புச் சன்னலுக்க போயிட்டுது. எல்லாரும் சிரிச்சினம். இவனும் சிரிச்சிருக்கிறான். அண்டையில இருந்து பெடியன் வீட்டுக்க நிக்கேல்லை."

"அப்போ அந்த ஃபுட்டிக்காரருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும், இல்லையா அண்ணை?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவன் வந்தது ஒரு மணித்தியாலம். பந்தைக் குடுத்திட்டுப் போயிட்டான். அதுக்குப் பிறகு ஆர் பாத்தது? எனக்கு இரவு வேலை, மனுசிக்கு கார் ஓடத் தெரியாது. எங்கட ஏரியா கிளப்பில ஒரு கிழவன். பெரிய ஆள் ஒண்டுமில்லை, ரிட்டையர் ஆன தபால்காரன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாசல்ல வந்து ஹோர்ன் அடிச்சு ஏத்திக்கொண்டு போவான். ஏழு வருஷம், தம்பி. மழை எண்டாலும் வருவான்."

நாடு விட்டு நாடு ஃபுட்டியைக் கொண்டுபோகக் கிளம்பியவர்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாரன் சத்தம்தான் கேட்கிறது.

2008 பிப்ரவரியில் கார்ல்டன், ஃப்ரீமான்டில் இரண்டு கிளப்புகளும் தென்னாப்பிரிக்கா போயின. ப்ரிட்டோரியா பக்கத்தில் செஞ்சூரியன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு ப்ரீ-சீசன் மேட்ச். அதற்கு முன்னும் பின்னும் கறுப்பர் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அதே மாசம் காலிங்வுட்டும் அடிலெய்டும் வளைகுடாவில் ஒரு போலோ மைதானத்தில் ஆடின. தென்னாப்பிரிக்கா பற்றி அப்போது பெரிய கனவு. நாலரைக் கோடிக்கு மேல் ஜனம், ஊருக்கு ஊர் கிரிக்கெட் மைதானம், காலில் வேகம் உள்ள பையன்கள். இன்னும் பத்து வருஷத்தில் ஒரு சோவெட்டோ பையன் எம்.சி.ஜி.யில் ஆடுவான் என்கிற பேச்சு.

பந்து போயிற்று, பனியன் போயிற்று, பயிற்சியாளர்கள் போனார்கள். பிள்ளைகள் ஆயிரக் கணக்கில் ஆடவும் ஆடினார்கள். ஆனால் லீகுக்கு ஊரில் வேறு கல்யாணம் வந்துவிட்டது. 2011-ல் கோல்ட் கோஸ்ட், 2012-ல் மேற்கு சிட்னி என்று இரண்டு புது கிளப்புகள். ரக்பி ராஜ்ஜியத்தில் அவற்றை நிலைநிறுத்தவே பணமும் கவனமும் போதவில்லை. அயலூர்ப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஒருவர் எம்.சி.ஜி.யில் ஆடத்தான் செய்தார். ஆடியது மட்டுமில்லை, 2016 கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடலையும் வாங்கினார். வெஸ்டர்ன் புல்டாக்ஸின் ஜேசன் ஜோஹானிசன். 1954-க்குப் பிறகு அந்த கிளப்புக்கு அதுதான் முதல் கோப்பை. ஆனால் எந்த கேம்ப்பும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் பெர்த்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் மாதிரி அங்கேதான் ஃபுட்டி கற்றுக்கொண்டார்.

அடுத்து சீனா. 2010 அக்டோபரில் மெல்போர்ன், பிரிஸ்பேன் கிளப்புகள் ஷாங்காயில் ஒரு காட்சி மேட்ச் ஆடின. போர்ட் அடிலெய்ட் ஒரு படி மேலே போய் 2017 மே 14 அன்று கோல்ட் கோஸ்ட்டோடு நிஜமான லீக் மேட்ச்சையே ஷாங்காய் ஜியாங்வான் மைதானத்தில் நடத்தியது. பத்தாயிரம் பேர் வந்தார்கள். 72 புள்ளியில் போர்ட் ஜெயித்தது. 2018, 2019-லும் போனார்கள். பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு சீன இளைஞரைப் பட்டியலிலும் சேர்த்தார்கள்; அவர் முதல் தர மேட்ச் எதுவும் ஆடவில்லை. நோக்கம் ஆட்டமா, ஆஸ்திரேலிய வியாபாரிகளும் சீன முதலாளிகளும் கை குலுக்க ஒரு மேடையா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இரண்டும்தான் என்று போர்ட் அடிலெய்ட் மறைக்காமலே சொன்னது. அந்த மட்டில் நாணயம்தான். 2020-ல் கொரோனா, மேட்ச் ரத்து. அதற்குப் பிறகு ஷாங்காய்க்கு விமானம் ஏறவில்லை.

எதிர்த் திசையில் ஆள் எடுத்ததில் கொஞ்சம் பலன் கிடைத்திருக்கிறது. எண்பதுகளில் மெல்போர்ன் கிளப் அயர்லாந்தில் விளம்பரம் கொடுத்து, அங்கே கேலிக் ஃபுட்பால் ஆடிய பையன்களைத் தேடியது. 1984-ல் டப்ளினிலிருந்து ஒரு நெட்டையன் வந்து இறங்கினார். ஜிம் ஸ்டைன்ஸ். 1987-ல் ஃபைனலுக்கு முந்தைய மேட்ச். கடைசி நொடியில், எதிராளி உதைக்க நிற்கும்போது, குறுக்கே ஓடக் கூடாத இடத்தில் ஓடினார். 15 மீட்டர் பெனால்டி. சைரன் அடித்த பிறகு ஹாதார்ன் வீரர் கோல் போட்டு மெல்போர்னை வெளியே அனுப்பினார். வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பல் பிடித்து டப்ளின் போயிருப்பார். இவர் இருந்தார். தொடர்ந்து 244 மேட்ச் ஆடினார், ஒன்றுகூட விடாமல். 1991-ல் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடல். 1994-ல் விடலைப் பிள்ளைகளுக்காக 'ரீச்' என்ற அமைப்பை நண்பரோடு சேர்ந்து ஆரம்பித்தார். 2012-ல் புற்றுநோயில் 45 வயதில் போனபோது விக்டோரியா மாநிலமே அரசு மரியாதையோடு அனுப்பிவைத்தது.

ஆட்டம் வெளிநாட்டில் நிஜமாகவே வேர் பிடித்த இடம் பார்க்க வேண்டுமா? வடக்கே, பப்புவா நியூ கினி. 800-க்கு மேல் மொழிகள் பேசுகிற நாடு. 1975 வரை ஆஸ்திரேலிய நிர்வாகம். வெள்ளைக்கார அதிகாரிகள் பொழுது போகாமல் போர்ட் மோர்ஸ்பியில் ஆட ஆரம்பித்தது. அவர்கள் மூட்டை கட்டிப் போன பிறகும் உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. அங்கே தேசிய வெறி என்னவோ ரக்பி லீக்தான். ஃபுட்டி ஏழைத் தம்பி. ஆனாலும் தேசிய அணி உண்டு. பெயர் 'மொஸ்கீட்டோஸ்'. ஆமாம், கொசுக்கள்தான். ஜூனியர் அணி 'பினாட்டாங்ஸ்' - அவர்கள் பாஷையில் பூச்சிகள். பெண்கள் அணி 'குராகும்ஸ்' - சிவப்பு எறும்புகள். சிங்கம் புலி என்று பெயர் வைத்துக்கொண்டு தோற்கிறவர்களுக்கு நடுவே இந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆஸ்திரேலியா தவிர மற்ற நாடுகளுக்காக 2002-லிருந்து 2017 வரை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் சர்வதேசக் கோப்பை நடந்தது. (2008-லிருந்து இந்திய அணி ஒன்றும் போனது. நம் ஆட்களா என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.) அமெரிக்கா வந்தது, கனடா வந்தது, கிரேட் பிரிட்டன் வந்தது. 2008, 2014, 2017 மூன்று தரம் கோப்பையைத் தூக்கியது கொசுக்கள். 2017-ல் நியூசிலாந்தை ஒரே ஒரு புள்ளியில் கடித்தார்கள். போர்ட் மோர்ஸ்பியில் பிறந்த மால் மைக்கேல், பிரிஸ்பேன் அணி 2001, 2002, 2003 என்று வரிசையாக மூன்று கோப்பை வாங்கியபோது பின்களத்தின் தூண். ஆஸ்திரேலியாவிலிருந்து கிளப்காரர்கள் அங்கேயும் போனார்கள், பந்து கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆனால் போனபோது அங்கே ஏற்கெனவே லீக் இருந்தது, கோடு போட ஆள் இருந்தது, சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிவர யாரோ இருந்தார்கள்.

இன்னும் கிழக்கே தள்ளினால் நவ்ரு. 21 சதுர கிலோ மீட்டர். ஒரு மணி நேரத்தில் காரில் தீவைச் சுற்றி வந்து ஒரு காபியும் குடித்துவிடலாம். ஜனத்தொகை பன்னிரண்டாயிரம் சொச்சம். அங்கே தேசிய விளையாட்டே ஃபுட்டிதான். எந்த கிளப் கொண்டுபோய் விதைத்தது என்கிறீர்களா? முப்பதுகளில் விக்டோரியாவுக்குப் படிக்க வந்த நவ்ருப் பையன்கள், லீவுக்கு ஊருக்குத் திரும்பும்போது கூடவே ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். ஜீலாங்கில் படித்த ஹாமர் டிராபர்ட் அவர்களில் ஒருவர். 1968-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது முதல் ஜனாதிபதி ஆனவர் அவர்தான்.

தீவில் ஆட்டம் நடக்கிற பெரிய மைதானத்தின் பெயர் லிங்க்பெல்ட் ஓவல். புல் கிடையாது. பாஸ்பேட் தோண்டின தீவு அல்லவா, தரையெல்லாம் அந்தத் தூசிதான். முழங்கால் சிராய்த்தால் ஊதிவிட்டு எழுந்து ஓட வேண்டியதுதான். சனிக்கிழமை அங்கே மேட்ச் என்றால், அரைத் தீவு வேலி ஓரம் வந்து நிற்கிறது.